உங்களுக்குத் தெரியுமா? வயதெல்லை 5 இலிருந்து 2 ஆனது

ஹேவாஹெட்ட மலைப்பகுதியின் லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். இலங்கையின் வணிகத் தேயிலை அங்குதான் தொடங்கியது.

இன்று அத்தகைய மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாய்மார் பலர் வீட்டுப் பணிப்பெண்களாக வளைகுடா நாடுகளுக்குப் போகிறார்கள். ஆசைப்பட்டுப் போகும் பயணமல்ல அது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவானதே 2021இல்தான். மறுவருடமே விலைவாசி அதன் பெறுமதியை விழுங்கிவிட்டது.

5 வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய்மார் வெளிநாட்டு வீட்டுப் பணிக்குச் செல்வதை 2013இல் அரசு தடுத்தது. 2022 ஜூனில், நாட்டில் டொலர் வற்றிய வேளையில், அந்த எல்லை 2 வயதாகக் குறைக்கப்பட்டது. அதே மாதம்தான் இலங்கைச் சிறுவர்களுக்காக 2.5 கோடி டொலர் உதவி கோரியது யுனிசெஃப். தாயை அனுப்பி டொலர் தேடிய நாட்டில், பிள்ளைக்காகவும் டொலர் கேட்க வேண்டிய நிலை இருந்தது.

தோட்டத்துக் குழந்தைக் காப்பகங்களான பிள்ளை மடுவங்களுக்கும் வெளிநாட்டு நிதி கிடைத்தது. 2015இல் உலக வங்கி ஒப்புதல் அளித்த 5 கோடி டொலர் முன்பிள்ளைப் பருவத் திட்டத்தில் அவையும் அடங்கின. ஆனால் மடுவம், தாய் கொழுந்து பறிக்கும் நேரத்துக்கானது. கடல் கடந்த தாயின் பிள்ளைக்கு மாலை முதல் காலைவரை பெரும்பாலும் அம்மாயியோ அப்பாயியோதான் துணை.