பொம்மை ரயிலுக்குப் புதுக் கொக்கி

ரெம்பாவ் நிலையத்தில் சரக்கு ரயில் நின்று புறப்படுவதைப் பார்க்க நேர்ந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள், மாணவர்களே. எஞ்சினுக்குப் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் எழும். அது அடுத்த பெட்டிக்குத் தாவி, கடைசிப் பெட்டி வரை ஓடும். பெட்டிகளைப் பிணைக்கும் கொக்கிகளில் உள்ள சிறு தளர்வு ஒவ்வொன்றாக இறுகும் சத்தம் அது. இந்தத் தளர்வு இருப்பதால் எஞ்சின் எல்லாப் பெட்டிகளையும் ஒரே நொடியில் அசைக்க வேண்டியதில்லை.

இந்தக் கொக்கியைத்தான் கப்ளர் என்கிறோம். மடக்கிய இரண்டு கைகள் விரல்களைக் கோர்த்துக்கொண்டது போல இருக்கும். அமெரிக்காவில் துணிக்கடை எழுத்தராக இருந்த ஈலை ஜேனி 1873இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் அங்கே ஒரு வளையம், ஒரு ஆணி, அவ்வளவுதான். பெட்டி உருண்டு வரும்போதே தொழிலாளி நடுவில் நின்று வளையத்தைப் பிடித்து ஆணியைச் செருக வேண்டும். விரல் போனவர்களும் உயிர் போனவர்களும் ஏராளம். தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளரைக் கட்டாயமாக்கும் சட்டம் அங்கே 1893இல் வந்தது. 1900இல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது.

இதே கப்ளரைச் சின்னதாக்கி, தோட்டத்தில் ஓடும் பெரிய பொம்மை ரயில்களுக்கும் மாட்டுகிறார்கள். ஜெர்மனியின் எல்.ஜி.பி. 1968இல் அறிமுகப்படுத்திய ரயில்களின் தண்டவாள அகலம் 45 மில்லிமீட்டர். அளவு விகிதம் 1:22.5. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள்: 1,012.5 மி.மீ., ஏறக்குறைய ஒரு மீட்டர். நம் கேடிஎம் தண்டவாளமும் மீட்டர் அகலப் பாதைதான். ரெம்பாவ் வழியே ஓடும் ரயிலை மாதிரியாகச் செய்ய நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான தண்டவாளம் கிடைக்காது.

எல்.ஜி.பி. பெட்டிகளோடு வருவது வளையமும் கொக்கியும். பார்க்கப் பொம்மை போலவே இருக்கும். அசல் போல வேண்டுமென்பவர்கள் அதைக் கழற்றிவிட்டு விரல் கப்ளர் மாட்டுவார்கள். அமெரிக்காவின் கேடி நிறுவனம் இதற்குப் பேர்போனது. கீத், டேல் என்ற இரட்டைச் சகோதரர்களின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர்.

பிளாஸ்டிக் கப்ளர் ஒரு முழு ரயிலின் இழுப்பைத் தாங்குமா என்று கேட்கலாம். தாங்கும். நீளத்தை 22.5 மடங்கு குறைத்தால், கப்ளரின் குறுக்குப் பரப்பு 22.5 × 22.5, அதாவது சுமார் 506 மடங்கு குறைகிறது. எடையோ 22.5 × 22.5 × 22.5, சுமார் 11,390 மடங்கு குறைகிறது. 20 டன் பெட்டியின் சரியான மாதிரி இரண்டு கிலோகூட இருக்காது. எடை அவ்வளவு குறைந்துவிடுவதால், ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் தாங்க வேண்டிய இழுப்பு, அசலில் உள்ளதில் 22.5இல் ஒரு பங்குதான்.

அப்படியிருந்தும் பொம்மை ரயில் நடுவழியில் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. பெரும்பாலும் கப்ளர் உடைவதில்லை, நழுவுகிறது. காரணம் உயரம். அமெரிக்க ரயில்களில் கப்ளரின் உயரம் தண்டவாளத்திலிருந்து 31½ அங்குலத்துக்கும் 34½ அங்குலத்துக்கும் இடையில் இருக்க வேண்டும். மூன்று அங்குல வித்தியாசம் செல்லும். மாதிரியில் அது 3.4 மி.மீ.தான்! மண் சற்று அமுங்கி தண்டவாளம் மேடுபள்ளமானால் அதுவும் போய்விடும். அதனால் கப்ளர் மாட்டுபவர் முதலில் எடுப்பது திருப்புளியை அல்ல, உயரம் பார்க்கும் அளவியை. தண்டவாளத்தின் மேல் அதை வைத்துப் பெட்டியை அருகே தள்ளுவார். கப்ளர் மேலே இருந்தால் அதன் பெட்டிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்து இறக்குவார். திருகை இறுக்கிய பிறகு விரலால் பக்கவாட்டில் தள்ளிவிட்டால், கப்ளர் தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டும்.

அடுத்தது, எங்கே மாட்டுவது என்ற கேள்வி. எல்.ஜி.பி. வளையம் சக்கரங்களைத் தாங்கும் போகியில் இருக்கும். போகியோடு சேர்ந்து திரும்பும். அசல் ரயிலில் கப்ளர் பெட்டியின் உடலில் இருக்கும். உடலில் மாட்டினால் என்ன ஆகும் என்பதை, முதலாம் படிவத்தில் படித்த பைதாகரஸ் தேற்றமே சொல்லிவிடும். ஒரு பெட்டியின் போகி மையங்களுக்கு இடையே 300 மி.மீ. என்றும், பெட்டியின் நடுவிலிருந்து கப்ளர் முனை 230 மி.மீ. தள்ளி இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். வளைவின் ஆரம் 600 மி.மீ.; எல்.ஜி.பி.யின் மிக இறுக்கமான வளைவு அதுதான். வளைவின் மையத்திலிருந்து பெட்டியின் நடுவுக்கு உள்ள தூரத்தின் வர்க்கம் 600² − 150² = 337,500. அதோடு 230²ஐக் கூட்டினால் 390,400. வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 625. கப்ளர் பாதையின் நடுக்கோட்டை விட்டு 25 மி.மீ. வெளியே நிற்கிறது. ஆரம் 1,200 மி.மீ. ஆனால் அது சுமார் 13 மி.மீ. ஆகக் குறையும்.

ஒரே நீளமுள்ள இரண்டு பெட்டிகளும் வளைவுக்குள் இருந்தால் இரு கப்ளர்களும் சேர்ந்தே வெளியே போகும், வம்பில்லை. ஒன்று நேர்ப்பாதையிலும் மற்றொன்று வளைவிலும் இருக்கும்போதுதான் ஒன்று மற்றொன்றைப் பக்கவாட்டில் இழுத்துத் தடம் புரள வைக்கும். 'எஸ்' வளைவு இன்னும் மோசம். அதற்காகப் போகியிலேயே மாட்டிவிடலாமா? இழுக்கும்போது நன்றாக ஓடும். ரயிலைப் பின்னுக்குத் தள்ளினால் விசை போகியைத் திருகிச் சக்கரத்தை ஏற்றிவிடும். இறுக்கமான வளைவு உள்ளவர் போகியையும், இடவசதி உள்ளவர் உடலையும் தேர்ந்தெடுப்பதே சரி என்பது என் எண்ணம்.

கழற்றுவதற்குக் காந்தம். கப்ளருக்குக் கீழே ஒரு சிறு இரும்புக் கம்பி தொங்கும். தண்டவாளங்களுக்கு நடுவில் உள்ள காந்தத்தின் மேல் ரயிலை நிறுத்தி, எஞ்சினைச் சற்றுப் பின்னே தள்ளித் தளர்வு கொடுத்தால், இரண்டு கம்பிகளும் பக்கவாட்டில் இழுபட்டு விரல்கள் திறக்கும். இழுப்பு இருக்கும்போது திறக்காது. கம்பி மிகவும் தாழ்ந்திருந்தால் பாதைகள் பிரியும் இடத்தில் தண்டவாளத்தில் தட்டும். அதையும் அதே அளவியால் பார்க்க வேண்டும்.

எல்லாப் பெட்டிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டியதில்லை. ஒரு பெட்டிக்கு மட்டும் ஒரு முனையில் பழைய வளையத்தையும் மறுமுனையில் புதிய கப்ளரையும் வைத்துக்கொண்டால், பழையதும் புதியதும் ஒரே ரயிலில் ஓடும்.