கணிதத்தில் விசேட சித்தி: புள்ளியிலிருந்து திட்டமிடுவோம்

மாணவர்களே, உயர்தரத்தில் கலை, வர்த்தகம், விஞ்ஞானம் போன்ற பிரிவுகளில் கற்பதற்குச் சாதாரண தரத்தில் தாய்மொழி, கணிதம் உட்பட ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றுள் மூன்று திறமைச் சித்திகளாக இருத்தல் வேண்டும். பலர் தடுக்கி விழுவது கணிதத்தில்தான். எனவே நேரசூசி போடுமுன் வினாத்தாளின் அமைப்பை விளங்கிக்கொள்ளுங்கள்.

முதலாம் வினாத்தாளுக்கு இரண்டு மணித்தியாலம். 25 குறுவினாக்களுக்கு 50 புள்ளிகள், 5 அமைப்பு வினாக்களுக்கு 50 புள்ளிகள், அனைத்தும் கட்டாயம். இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம். இரு பகுதிகளிலும் ஆறு வினாக்கள் வீதம் இருக்கும். ஒவ்வொரு பகுதியிலும் ஐந்துக்கு விடை எழுத வேண்டும். வினாவொன்றுக்கு 10 புள்ளிகள். மொத்தம் 200, அதன் அரைவாசியே உங்கள் இறுதிப் புள்ளி.

விசேட சித்திக்கு 75 தேவை, அதாவது 200க்கு 150. முதலாம் வினாத்தாளில் 85 பெற்றவருக்கு இரண்டாவதில் 65 போதும். முதலாவதில் 60 மட்டும் பெற்றவரோ இரண்டாவதில் 90 பெற வேண்டும். அது மிகக் கடினம். ஆனால் நம்மில் அநேகர் குறுவினாக்களை "சின்னக் கணக்கு" என்று ஒதுக்கிவிட்டு, தேற்றங்களுடன் மாதக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார்கள்! குறுவினாக்கள் ஏறத்தாழ எல்லா அலகுகளிலிருந்தும் வருவதால், தொடைகளையோ சமனிலிகளையோ "பிறகு பார்ப்போம்" என விட்டுவிட முடியாது.

முதலில் ஒரு கடந்தகால வினாத்தாளை நேரம் வைத்துச் செய்யுங்கள். புள்ளி குறைந்தால் கவலை வேண்டாம். இழந்த ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே அலகின் பெயரையும் காரணத்தையும் எழுதுங்கள்: முறை தெரியவில்லையா, சுருக்கும்போது பிழைத்ததா, நேரம் போதவில்லையா? முறை தெரியாத அலகுக்குப் பாடநூலும் ஆசிரியரும் வேண்டும். சுருக்குவதில் பிழைவிடுபவருக்குத் தினமும் பத்துக் குறுவினாக்கள் போதும். நேரம் போதாதவர் இரண்டாம் வினாத்தாளின் வினாவொன்றை 18 நிமிடத்தில் முடித்துப் பழக வேண்டும். பிழைத்த கணக்கை ஒரு வாரத்தின் பின் விடையைப் பாராது மீண்டும் செய்யுங்கள்.

விடைகளைத் திருத்தும்போது பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளித் திட்டத்தைப் பாருங்கள். இறுதி விடை பிழைத்தாலும் சரியான படிமுறைகளுக்குப் புள்ளிகள் உண்டு. கேத்திரகணித அமைப்பில் கவராய வில்களை அழகுக்காக அழிப்பவர் புள்ளிகளையும் சேர்த்தே அழிக்கிறார்.

இரண்டாம் வினாத்தாளை வாசிக்க மேலதிகமாக 10 நிமிடங்கள் தரப்படும். ஒவ்வொரு பகுதியிலும் எந்த வினாவை விடுவது என்பதை அப்போதே தீர்மானியுங்கள்.