பழைய சுவருக்குச் சுண்ணாம்பே ஏற்றது



தரங்கம்பாடியில் சீகன்பால்க் ஐயர் காலத்தில், 1718இல் எழும்பிய புதிய எருசலேம் ஆலயத்தை நம்மில் அநேகர் அறிவோம். அவ்வூரின் பழைய கட்டடங்கள் செங்கலாலும் சுண்ணாம்பாலும் ஆனவை. உப்புக்காற்றும் ஐப்பசி மழையும் அவற்றை விடுவதில்லை.

இப்படிப்பட்ட சுவரில் காரை உதிர்ந்தால், நல்ல மனதுள்ள ஒருவர் நான்கு மூட்டை சிமெண்டு கொடுத்துவிடுவார். நாம் சபைகளில் பலமுறை கண்டது இது. சுவருக்கோ அது கேடு. சுண்ணாம்புக் காரை தான் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். சிமெண்டுப் பூச்சு அதை உள்ளே அடைத்துவிடும். அந்த ஈரத்திலுள்ள உப்பு செங்கலுக்குள் பூத்து, அதை மாவாக உதிர்க்கிறது. வெளியே பளிச்சென்றிருக்கும், தட்டினால் வெற்றோசை கேட்கும்.

பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைச் சேர்ப்பார்கள். (எறும்பு மொய்க்காதா என்று கேட்பவர்களும் உண்டு!) பூச்சை மெல்லியதாக, ஒன்று இறுகிய பின்பே அடுத்தது என்று ஏற்றுவார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கியே சுண்ணாம்பு இறுகும். ஆகவே அவசரம் ஆகாது. சீக்கிரம் காய்ந்தால் வெடிக்கும் என்பதால் ஈரச்சாக்கும் போர்த்துவார்கள். 2004 சுனாமிக்குப் பின்பு தரங்கம்பாடியில் சில பழைய வீடுகள் பழைய முறையில் செப்பனிடப்பட்டன.

உங்கள் ஊர்ப் பழைய ஆலயத்துக்குக் கொடுக்க விரும்பினால், சிமெண்டு வாங்குமுன் சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரின் நாட்கூலியை விசாரியுங்கள். பணம் போவது பெரும்பாலும் அதற்குத்தான்.