காப்பி விலைக்கு வீடு! இத்தாலியில் எந்தப் பக்கம் குடிபோகலாம்?

இத்தாலியில் ஒரு கோப்பை காப்பி குடிக்க 1 யூரோவுக்குக் கொஞ்சம் கூடவே கொடுக்க வேண்டும். இந்தியப் பணத்தில் 100 ரூபாய் சொச்சம்.

அதே இத்தாலியில் ஒரு வீட்டின் விலை 1 யூரோ!

வேடிக்கை அல்ல, உண்மை. சிஸிலித் தீவில் சம்புகா என்று ஒரு சிற்றூர். பாழடைந்து கிடந்த பழைய வீடுகள் சிலவற்றை அவ்வூர் நகரசபை 2019-ம் ஆண்டில் ஏலம் போட்டது. ஆரம்ப விலை 1 யூரோ. செய்தி உலகம் முழுவதும் பரவியது. லொரெய்ன் பிராக்கோ என்ற அமெரிக்க சினிமா நடிகையும் அங்கே ஒரு வீடு வாங்கினார்.

வாங்கினால் மட்டும் போதாது. 3 வருஷத்துக்குள் வீட்டைப் புதுப்பித்தாக வேண்டும். அதற்கு ஜாமீனாக 5 ஆயிரம் யூரோ கட்ட வேண்டும். கெடு தவறினால் அந்தப் பணம் போய்விடும். கூரை சரிந்து, சுவர் பிளந்து கிடக்கும் அந்த வீடுகளில் மனிதர் குடியிருக்க வேண்டுமானால் பதினாயிரக்கணக்கில் யூரோ செலவாகும்.

இருந்தாலும் ஆசை யாரை விட்டது? ஆலிவ் தோப்பு, திராட்சைக் கொடி, கல் வீடு, தூரத்தில் நீலக் கடல் என்று சினிமாவில் பார்த்துப் பார்த்து, ஆயுள் முழுவதும் சேர்த்த பணத்தை இத்தாலியில் ஒரு வீட்டில் போட வருகிறவர்கள் ஏராளம். இங்கிலாந்து, ஜெர்மனி, அமெரிக்கா என்று பல தேசங்களிலிருந்தும் வருகிறார்கள். இத்தாலியில் 20 பிரதேசங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்பதில்தான் பலர் சறுக்கி விழுகிறார்கள்.

பூட்டிய கதவுகள்

இவ்வளவு அழகான தேசத்தில் வீடுகள் ஏன் காலியாகக் கிடக்கின்றன? வாங்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

பிழைக்க வழியில்லாமல் ஜனங்கள் ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்பதே பதில். 1876 முதல் முதலாவது உலக யுத்தம் வரையில் 1 கோடிக்கு மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கும், அர்ஜென்டினாவுக்கும், பிரேசிலுக்கும், பக்கத்து ஐரோப்பிய நாடுகளுக்கும் கப்பலிலும் ரெயிலிலும் போனார்கள். இரண்டாவது யுத்தத்துக்குப் பிறகு தெற்கே இருந்தவர்கள் டூரின், மிலான் தொழிற்சாலைகளுக்குப் படையெடுத்தார்கள். பெல்ஜியம் நாட்டு நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் போனார்கள்.

அப்படிக் காலியான பகுதிகளில் ஒன்று, இன்று பணக்காரர்களின் சொர்க்கமாக விளங்கும் டஸ்கனி என்றால் நம்பவே முடியாது!

பாதி வாரக் குடிகள்

டஸ்கனியின் தலைநகரம் பிளாரன்ஸ். சியன்னாவும், பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமும் இந்தப் பிரதேசத்தில்தான் இருக்கின்றன. குன்றுக்குக் குன்று ஒரு கல் வீடு. அதைச் சுற்றி ஊசிக் கோபுரம் போல நெடிது நிற்கும் சைப்ரஸ் மரங்கள்.

அந்தக் கல் வீடுகள் உல்லாசத்துக்காகக் கட்டப்பட்டவை அல்ல. குடியானவர்களின் வீடுகள். கீழே மாட்டுத் தொழுவம், மேலே குடும்பம். நிலமும் வீடும் பண்ணையாருக்குச் சொந்தம். விளைச்சலில் பாதி அவருக்கு, பாதி உழுதவனுக்கு. தமிழ்நாட்டில் வாரத்துக்கு உழுவது போலத்தான். அங்கே இதற்கு ‘மெத்ஸாத்ரியா’ என்று பெயர். பல நூற்றாண்டுகள் இந்த முறை நடந்தது.

யுத்தத்துக்குப் பின் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் பட்டணத்தில் மாதச் சம்பளம் கிடைப்பதைக் கண்டார்கள். ஏர் நின்றது. 1964-ல் இனிப் புதிதாக வார ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று சட்டமும் வந்துவிட்டது. கல் வீடுகள் வரிசையாகக் காலியாயின.

அந்தச் சமயத்தில் வந்தவர்கள்தான் ஆங்கிலேயர்கள். கியாந்தி என்ற திராட்சைத் தோட்டப் பகுதியில் அவர்கள் குவிந்த குவியலைக் கண்டு, ஆங்கில ஜில்லாக்களின் பெயரைப் போல ‘கியாந்திஷயர்’ என்று கேலிப் பெயரே சூட்டிவிட்டார்கள். அன்று கழுதை விலைக்குப் போன தொழுவத்தில் இன்று நீச்சல் குளம் இருக்கிறது. விலையோ ஜமீன் மாளிகை விலை.

முதல் தடவை இத்தாலிக்கு விடுமுறைக்குப் போகிறவருக்கு டஸ்கனியைவிட நல்ல இடம் கிடையாது. படம், சிற்பம், சாப்பாடு எதிலும் குறை இராது. வீடு வாங்க வேண்டும் என்கிறவர் மட்டும் மடியைத் தடவிப் பார்த்துக் கொள்வது நல்லது.

அதே குன்று, பாதி கூட்டம்

டஸ்கனிக்குக் கிழக்கே உம்ப்ரியா. அதற்கும் கிழக்கே அட்ரியாடிக் கடல் வரை மார்க்கே. இங்கேயும் வாரக் குடிகள் வாழ்ந்த அதே மாதிரிக் கல் வீடுகள், அதே மாதிரிக் குன்றுகள். விலையும் கூட்டமும் குறைவு. உம்ப்ரியாவுக்குக் கடற்கரை கிடையாது. பதிலாக புனித பிரான்சிஸ் பிறந்த அசிசி நகரம் இருக்கிறது. மார்க்கேயில் ஓவிய மேதை ரபேல் பிறந்த உர்பினோவும் இருக்கிறது, கடலும் இருக்கிறது.

பூகம்பமும் இருக்கிறது. இத்தாலியின் முதுகெலும்பு போல வடக்கிலிருந்து தெற்கே ஓடும் அபெனைன் மலைத் தொடர் அடிக்கடி குலுங்கும். 2016 ஆகஸ்டு 24-ந் தேதி அதிகாலையில், ஜனங்கள் தூங்கிக் கொண்டிருந்த நேரத்தில் அமாத்ரீசே என்ற மலை ஊர் தரைமட்டமாயிற்று. அந்தப் பகுதியில் சுமார் 300 பேர் மாண்டார்கள். அதே வருஷம் அக்டோபர் 30-ல் உம்ப்ரியாவின் நோர்சியா நகரில் புனித பெனடிக்ட் ஆலயம் சரிந்தது. முகப்புச் சுவர் மட்டும் தனியே நின்றது.

இத்தாலியில் ஒவ்வோர் ஊரும் பூகம்ப அபாயத்தைப் பொறுத்து 4 வகுப்புகளில் ஏதாவது ஒன்றில் சேர்க்கப்பட்டிருக்கும். 1-வது வகுப்பு என்றால் அபாயம் அதிகம். வீட்டு ஜன்னலிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்பதற்கு முன்னால் ஊர் எத்தனையாவது வகுப்பு என்று கேட்க வேண்டும்.

ஆகஸ்டு மாத மயக்கம்

இன்னும் தெற்கே போனால் அப்ருத்ஸோ. காலையில் பனிமலை, மாலையில் கடற்கரை என்று ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். இங்குள்ள கிரான் ஸாஸோ மலை 2,912 மீட்டர் உயரம். விலை நயம். ஆனால் இதுவும் பூகம்பப் பூமிதான். 2009 ஏப்ரலில் தலைநகரான லாக்விலாவைப் புரட்டிய பூகம்பம் 309 உயிர்களைக் குடித்தது.

இந்தப் பிரதேசத்தில் மனொப்பெல்லோ என்று ஓர் ஊர். 1956 ஆகஸ்டு 8-ந் தேதி பெல்ஜியத்தில் மார்சினெல் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கத்தில் தீப்பிடித்து 262 தொழிலாளர்கள் இறந்தார்கள். அவர்களில் 136 பேர் இத்தாலியர்கள். மனொப்பெல்லோ ஊரிலிருந்து போனவர்கள் மட்டும் இருபதுக்கு மேல். அப்ருத்ஸோவில் பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைப் பார்த்து, “அடடா, என்ன அமைதி!” என்று வியக்கிறவர்கள் இந்தக் கதையையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட ஊர்களை ஆகஸ்டில் பார்க்கக் கூடாது. ஆகஸ்டு 15 இத்தாலியர்களின் பெரிய விடுமுறை நாள். வெளியூர் போனவர்கள் பிள்ளை குட்டிகளோடு திரும்பி வருவார்கள். சந்நிதித் தெருவில் தேர்த் திருநாள் போலக் கூட்டம். வாத்தியம், விருந்து, வாணவேடிக்கை! அதைப் பார்த்து மயங்கி அச்சாரம் கொடுத்தவர், ஜனவரியில் வந்து பார்த்தால் தெருவில் ஒரு பூனைதான் இருக்கும்.

கூம்பு வீடும் கள்ளக் கணக்கும்

பூட்ஸ் போன்ற இத்தாலியின் குதிகால் பாகம் புல்யா. இங்கே அல்பெரொபெல்லோ என்ற ஊரில் ‘ட்ருல்லோ’ என்னும் விசித்திர வீடுகளைக் காணலாம். சுண்ணாம்போ காரையோ இல்லாமல் வெறும் கல்லை அடுக்கிக் கூம்புக் கூரை போட்டிருக்கிறார்கள். 1996 முதல் இது யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

காரை பூசாததற்கு ஒரு கதை சொல்கிறார்கள். புதிதாக ஊர் ஏற்படுத்தினால் நேபிள்ஸ் ராஜாவுக்கு வரி கட்ட வேண்டுமாம். வரியை ஏய்க்க அவ்வூர்ப் பிரபு, குடிகளைக் காரை இல்லாமல் வீடு கட்டச் சொன்னாராம். அதிகாரி வருகிறார் என்றால் ஒரு கல்லை உருவினால் போதும், வீடு கற்குவியலாகிவிடும்! 1797-ல் ராஜா அந்தக் குடிகளைப் பிரபுவின் பிடியிலிருந்து விடுவித்தார்.

புல்யாவில் வெயில் உண்டு, நல்ல கடற்கரை உண்டு, பெரும்பாலும் சமதரை. வயதானவர்களின் முழங்காலுக்கு இது பெரிய உபகாரம். ஒரு துக்கமும் உண்டு. 2013-ல் இதன் தென்பகுதியில் ‘ஸைலெல்லா’ என்ற கிருமி ஆலிவ் மரங்களைத் தாக்கியது கண்டுபிடிக்கப்பட்டது. லட்சக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. பழைய புகைப்படத்தைப் பார்த்து ஆலிவ் தோப்போடு வீடு கேட்கிறவர், தோப்பு இப்போது பச்சையாக இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது அவசியம்.

வடக்கே கோமோ, கார்டா ஏரிக்கரைகள் இருக்கின்றன. வீரமாமுனிவர் 1680-ல் பிறந்த காஸ்திலியோனே நகரம் கார்டா ஏரிக்குத் தெற்கே சிறிது தூரத்தில்தான் இருக்கிறது. சுற்றிப் பார்க்க அருமையான இடம். விலையைக் கேட்டதும் பலர் திரும்பிவிடுகிறார்கள்.

தண்ணீர் வருமா?

மறுபடியும் சிஸிலி. எட்னா எரிமலை, கிரேக்கர் கட்டிய கோயில்கள், எலுமிச்சைத் தோட்டம் எல்லாம் உண்டு. தலைநகரான பலெர்மோவில் இலங்கைத் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். நகரத்தை ஒட்டிய பெல்லெக்ரீனோ மலைமீது புனித ரொசாலியாவின் குகைக் கோயில் இருக்கிறது. தமிழர்களில் கத்தோலிக்கர்கள் மட்டுமல்ல, இந்துக்களும் அந்த மலையேறிக் கும்பிடுகிறார்கள்.

வெயில்தான் கொடுமை. 2021 ஆகஸ்டு 11-ல் சிஸிலியில் 48.8 டிகிரி சென்டிகிரேடு பதிவாயிற்று. ஐரோப்பாக் கண்டத்திலேயே இதுவே உச்சம். 2024-ல் கடும் வறட்சி. அக்ரிஜெண்டோ ஜில்லாவில் தண்ணீரை முறை வைத்து விட்டார்கள். 1 யூரோ சம்புகா அந்த ஜில்லாவில்தான் இருக்கிறது! குழாயில் என்றைக்குத் தண்ணீர் வரும், மாடித் தொட்டி எவ்வளவு பிடிக்கும் என்பதெல்லாம் சென்னைவாசிகள் கேட்கும் கேள்விகள் மட்டும் அல்ல.

ஜனவரிப் பரீட்சை

அனுபவஸ்தர்கள் சொல்லும் யோசனை ஒன்று உண்டு. பிடித்த பிரதேசத்தில் ஜனவரியிலோ பிப்ரவரியிலோ ஒரு மாதம் வாடகைக்கு இருந்து பார்க்க வேண்டும். கல் வீடு கோடையில் குளுகுளு. மாரிக் காலத்தில் ஐஸ் பெட்டி. ரொட்டிக் கடை திறந்திருக்கிறதா, டாக்டர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், பெரிய ஆஸ்பத்திரி எத்தனை மைல், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அந்த ஒரு மாதத்தில் தெரிந்துவிடும்.

எத்தனை நாள் தங்கலாம் என்பதிலும் பலர் ஏமாறுகிறார்கள். வீடு வாங்கிவிட்டால் குடியிருக்கும் உரிமை வந்துவிடாது. இந்தியர்கள் சாதாரண விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் தங்க முடியாது. ஐரோப்பிய யூனியனை விட்டு விலகியதால் 2021 முதல் ஆங்கிலேயர்களுக்கும் இதே கதிதான். இன்னொன்றும் உண்டு. ஒரு வெளிநாட்டார் வீடு வாங்கலாமா என்பது, அவர் நாட்டில் இத்தாலியர் வாங்க அனுமதி உண்டா என்பதையும் பொறுத்தது. இந்தியர்கள் முதலில் விசாரிக்க வேண்டிய விஷயம் இது.

கையெழுத்துக்கு முன்னால்

கிரயப் பத்திரம் ‘நொட்டாயோ’ என்ற அதிகாரியின் முன்னிலையில்தான் முடியும். அவர் வாங்குகிறவர் கட்சியும் அல்ல, விற்கிறவர் கட்சியும் அல்ல. பீஸ் மட்டும் வழக்கமாக வாங்குகிறவர் தலையில்! அச்சாரம் கொடுத்தவர் பின்வாங்கினால் அச்சாரம் போச்சு. விற்கிறவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும்.

வீட்டோடு விளைநிலமும் சேர்ந்திருந்தால், பக்கத்து நிலத்தில் சொந்தமாக உழுது பயிரிடும் விவசாயிக்கு அதை வாங்க முன்னுரிமை உண்டு. அவரிடம் சொல்லாமல் கிரயம் முடித்தால், ஒரு வருஷத்துக்குள் அவர் வந்து அதே விலைக்கு நிலத்தைக் கேட்டு வாங்கிக் கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தொல்லை வாரிசுதான். தாத்தா இறந்து, பிள்ளைகள் இறந்து, பாகப்பிரிவினையே நடக்காத வீடுகள் ஏராளம். சமையலறை ஒருவர் பங்கு, படுக்கையறை இன்னொருவர் பங்கு. ஒரு பேரன் டூரினில் இருப்பார். ஒரு பேத்தி அர்ஜென்டினாவில் இருப்பாள். அந்த ஊர்ப் பாஷைகூட அவளுக்கு மறந்திருக்கும். அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு முழுதாகக் கை மாறும். பேத்தியின் விலாசம் யாருக்காவது தெரியுமா என்று பக்கத்து வீட்டுக் கிழவியைத்தான் கேட்க வேண்டும்.