கண்ணாடிக்குப் பின்னால்

தூத்துக்குடியில் எங்கள் ஆச்சி வீட்டுப் பூசையறையில் தஞ்சாவூர்க் கண்ணாடிப் படம் ஒன்று உண்டு. தவழும் கிருஷ்ணன், வலக்கையில் வெண்ணெய். கடற்காற்றின் ஈரத்தில் பின்பக்கச் சாயம் செதில்செதிலாக உரிகிறது. துடைக்கவே பயமாக இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து கடல்வழி வந்த கலை இது. கண்ணாடியின் பின்புறத்தில் முதலில் நகையும் கண்மையும், பிறகு உடம்பின் நிறம், பின்னணி கடைசியில்தான். முதல் கோடு தவறினால் மேலே பூசி மறைக்க முடியாது.

எருசலேம் யூதர்களும் இப்படிப் பக்திப் படங்கள் வரைந்தார்கள். தெஹ்ரானிலிருந்து அங்கே குடியேறிய மோஷே மிஸ்ராகி, ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போகும் காட்சியை எழுதினார். முன்பக்கத்திலிருந்து பார்க்கையில் இடவலம் மாறிவிடுவதால், அவர் படத்தில் வலமிருந்து இடம் ஓடும் எபிரேயம், வரையும்போது கண்ணாடியின் பின்புறம் நம் தமிழைப்போல இடமிருந்து வலம் ஓடும்!

அப்படியென்றால் எங்கள் கிருஷ்ணனின் வெண்ணெய்க் கையை, அந்தத் தஞ்சாவூர்க்காரர் இடக்கையாகப் பார்த்தபடிதான் தீட்டியிருப்பார்.