உங்களுக்குத் தெரியுமா?

லண்டன் ஏலங்களில் விலைபோகும் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் கார், நம் சென்னை ஹெரால்டுக்கு நெருங்கிய உறவு!

• 1962-ல் வந்த ஸ்பிட்ஃபயரின் சேசிஸ், டிரையம்ப் ஹெரால்டுடையதைக் குறுக்கி அமைத்தது. சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அதே வம்சம்தான். இரண்டையும் வடிவமைத்தவர் இத்தாலியின் மிக்கெலோட்டி.

• இரண்டிலும் பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். மெக்கானிக் முன்டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைக் கழற்றலாம். புதுப்பிப்பவருக்கு இதைவிட வசதி வேறென்ன!

• இத்தகைய பழைய கார்களில் 50 வயது தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டியைப் புதிதாகப் பதிவு செய்தால் 2021 விதிப்படி தனி நம்பர் உண்டு: கேரளப் பாறசாலையில் ‘கேஎல் விஏ’, எல்லைக்கு இப்பால் தமிழகக் களியக்காவிளையில் ‘டிஎன் விஏ’. கட்டணம் ரூ.20,000. தினசரி ஓட்ட அனுமதியில்லை. கண்காட்சி, பேரணி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே ரோட்டில் இறங்கலாம்.