சொதிக்கு விசா உண்டா?

திருநெல்வேலிக்காரர் பெட்டியில் முதலில் ஏறுவது துணிமணி இல்லை ஸார், இட்லிப் பொடி! ஆனால் ஐரோப்பிய யூனியன் கஸ்டம்ஸுக்கு நம்ம ருசி தெரியாதே? 2019 டிசம்பரிலிருந்து காய், கனி, பச்சை இலைக்கெல்லாம் அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்துக்குத்தான்: தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டூரியன். ஆக, சொதிக்குத் தேங்காய் போகலாம். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் போகக் கூடாது! பால் பொருளும் தடை. அக்கா உருக்கிய நெய் எங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. (நஷ்டமில்லை!)

அக்கா மகன் படிப்பது ஜெர்மனியில். விசாவுக்காக 'பிளாக்டு அக்கவுன்ட்'டில் கட்டியது 11,904 யூரோ. 2024 செப்டம்பரில் வந்த கணக்கு. மாதம் 992 மட்டும் எடுக்கலாம். அத்தான் சேரன்மகாதேவி வயலை ஒத்திக்கு வைத்துக் கட்டிய பணம் அது. வாடகை, இன்ஷூரன்ஸ் போக மிச்சத்தை ஹோட்டலுக்கு அழுதால் வயலை மீட்க முடியுமா? பி.காம். படித்த நான் சொன்னேன்: "சமையலும் உனக்கு ஒரு பேப்பர்லே!"

ஞாயிறன்று அங்கே பெரும்பாலும் கடையடைப்பு. சனிக்கிழமையே அரிசி வாங்காவிட்டால் பொடி இருக்கும், இட்லி இருக்காது. ஊர் சுற்ற, 2023 மே மாதம் 49 யூரோவுக்கு வந்து 2025-ல் 58 ஆகிவிட்ட 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' உண்டு. நம்ம செங்கோட்டை பாசஞ்சர் மாதிரி வண்டிகளுக்குச் செல்லும், ஐ.சி.இ. எக்ஸ்பிரஸில் ஏறினால் அபராதம்!

போன வாரம் போன். "மாமா, சொதி வச்சேன். பக்கத்து ரூம் பையன் சூப்புனு நெனச்சுக் குடிச்சுட்டான்."

"ஒனக்கு எப்படிலே இருந்துச்சு?"

"நம்ம வீடு மாதிரி இருந்துச்சு மாமா..."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தானும்தான். ஆனால் கேட்டது வேறு:

"எவ்வளவு செலவாச்சுன்னு கேளும்வே!"